பாட்டாவுக்க வெற்றிலைச் செல்லமும் அசாம் மலையில விழுந்த பிளேனும்

பேச்சிப்பாறைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பழைய சாமான் பகுதியில போடவா வரலாறு பகுதியில போடவான்னு குழம்பி, கடைசியில இங்க போடுறேன்.

போன வாரம் எங்க பழைய வீட்டுக்க ஓடு இறக்கினோம். மச்சில ஒரு வெற்றிலைச் செல்லம் கெடந்துது. எங்க பாட்டாவுக்க செல்லம், அவரு செத்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. செல்லம்னா பித்தளையில இருக்கும், இல்லன்னா பலா மரத்துல இருக்கும். இது அலுமினியம். ஒரு சாண் நீளம், நாலு விரல் உயரம். மூடியில ஓரமா சின்னச் சின்ன ஓட்டை வரிசையா போகுது. அழகுக்குப் போட்டதுன்னா நாலு பக்கமும் இருக்கணுமே, இது ஒரு பக்கம் தொடங்கி மூலையில வெட்டுப்பட்டு நிக்குது. வேற எதுலயோ இருந்த தகட்டை வெட்டி மடக்கின மாதிரி. உள்ள அடித்தட்டுல மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு பெயிண்ட். வெளிய அடியில மங்கலா எழுத்து, எனக்கு வாசிக்க முடிஞ்சது '24 எஸ்' மட்டும்தான். படம் போட்டிருக்கேன்.

அத்தை சொல்லுது, பாட்டா ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துல அசாமுக்கு வேலைக்குப் போயிட்டு வரும்ப கொண்டு வந்தாராம். மலையில விழுந்த பிளேன்ல உள்ள தகடாம். அம்மா சொல்லுது, உங்க பாட்டா புளுகுறதுல மன்னன்னு. யாரை நம்ப?

அருமனை ஃபிட்டர்:
தம்பி, முதல்ல ஒண்ணு. புளி போட்டுத் தேய்க்காதே, சாம்பல் போட்டும் தேய்க்காதே. அந்தப் பெயிண்டுதான் சாட்சி.

நான் விமானப்படையில ஏர்ஃப்ரேம் ஃபிட்டரா, அதாவது பிளேனுக்க உடம்பைப் பழுது பார்க்கிறவனா இருந்தவன். சேர்ந்த காலத்துல கடைசிக் கடைசியா ஓடின டகோட்டா சரக்கு பிளேன்ல கை வச்சிருக்கேன், பிறகு முழுக்க ஏஎன்-32, அதுவும் சரக்கு பிளேன்தான். மூணு விஷயம் பார்த்துச் சொல்லு. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் எவ்வளவு தூரம்? ஓட்டையைச் சுத்தி தகடு கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கா, இல்ல மட்டமா இருக்கா? எழுத்து ஒரே இடத்துலயா, வரிசையா திரும்பத் திரும்ப வருதா?

பேச்சிப்பாறைக்காரன்:
ஸ்கேல் வச்சுப் பார்த்தேன் அண்ணே. ஏறக்குறைய ஒரு இஞ்சு. வெளிப்பக்கம் கிண்ணம் மாதிரி குழி உண்டு, விரல் நுனியில தட்டுது. எழுத்து சரிஞ்சு போகுது. டார்ச்சை பக்கவாட்டுல அடிச்சுப் பார்த்தப்ப 'ஆல்கிளாட் 24 எஸ்-டி'ன்னு ஒரு தடவையும், பாதி வெட்டுப்பட்டு இன்னொரு தடவையும் இருக்கு.

அருமனை ஃபிட்டர்:
அப்ப உங்க பாட்டா பாதி புளுகு கூட இல்ல.

ஆல்கிளாட்னா கலப்பு அலுமினியத் தகட்டுக்கு ரெண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெலிசாப் போர்த்தினது, துரு ஏறாம இருக்க. 24 எஸ்-டிங்கிறது அந்தக் கலவைக்கு அமெரிக்காவுல வச்சிருந்த பழைய பேரு. 1954-ல நாலு இலக்க முறை வந்தப்ப அதே கலவைக்கு 2024-ன்னு பேரு மாறிச்சு. இன்னைக்கும் நிறைய பிளேனுக்க தோலு அதுதான். அதனால உன் கையில இருக்கிற தகடு 1954-க்கு முந்தினது.

குழிஞ்ச ஓட்டை எதுக்குன்னா, ரிவெட்டுக்க தலை வெளிய துருத்தாம மட்டமா உட்கார. காத்து உரசுற வெளித்தோலுக்குத்தான் அந்த வேலை செய்வாங்க. சோத்துப் பாத்திரத்துக்கு எவனும் அப்படி மெனக்கெட மாட்டான். மஞ்சப்பச்சை பெயிண்ட் ஜிங்க் குரோமேட், அந்தக் காலத்து அமெரிக்க பிளேனுக்கு உள்பக்கம் அடிக்கிறது. அது உடம்புக்கு ஆகாது, அதனால அந்தச் செல்லத்துல யாரும் இனி வெற்றிலை வைக்க வேண்டாம்.

ஆனா 'விழுந்த பிளேன்' விஷயத்துல அவசரப்படாதே. பெரிய ஏர்ஃபீல்டு எதுவானாலும் பின்னால ஒரு சுடுகாடு இருக்கும். ரன்வேயில முட்டி உடைஞ்சது, இனி பறக்காதுன்னு தள்ளி வச்சது எல்லாம் அங்க கெடக்கும். நல்ல பாகத்தைக் கழட்டி வேற பிளேனுக்கு மாட்டுவாங்க. மிச்சத் தகடு கூலிக்காரன் கையில வரும். பாட்டா மலைக்கு ஏறினாரா, ஏர்ஃபீல்டுலயே நின்னாரா?

பேச்சிப்பாறைக்காரன்:
அத்தைக்குத் தெரிஞ்ச ஒரே பேரு 'சபுவா'. அங்க மண்ணு சுமந்தாராம். காய்ச்சல்ல கூடப் போனவங்க நிறைய பேரு திரும்பலையாம்.

தக்கலை வாத்தியார்:
சபுவா அசாமில் திப்ரூகருக்குப் பக்கம். அந்தப் பெயர் வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1942 மார்ச் 8-இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரல் கடைசியில் லாஷியோவும் போனது. லாஷியோவில் இருந்துதான் சீனாவுக்குச் செல்லும் பர்மா சாலை தொடங்கும். கடல் வழி முன்பே அடைபட்டிருந்ததால், சீனாவுக்குத் துப்பாக்கி, டயர், பெட்ரோல் எது போவதானாலும் இனி வானத்தில் போனால்தான் உண்டு. அசாமில் சபுவா, மோகன்பாரி, டின்ஜன், சூக்கரேட்டிங் என்று தேயிலைத் தோட்டங்களை ஒட்டி ஏர்ஃபீல்டுகள் எழுந்தன. அங்கிருந்து யுன்னானில் உள்ள குன்மிங்குக்கு ஏறக்குறைய 850 கிலோமீட்டர். நடுவே நிற்கிற மலைகளுக்கு அமெரிக்க விமானிகள் வைத்த பெயர் 'ஹம்ப்', ஒட்டகத் திமில்.

இதில் நம் ஊர்ப் பாடப்புத்தகம் சேர்த்துச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நமக்குச் சோற்றுக்கு நெல் போதாது, பர்மா அரிசிக் கப்பல் வந்தால்தான் அடுப்பு எரியும். ரங்கூன் விழுந்ததும் அந்தக் கப்பல் நின்றது. மரச்சீனிக் கிழங்கு தின்று கிடந்த காலம் என்று நம் பாட்டிமார் சொல்வது அதைத்தான். கையில் காசும் வயிற்றில் சோறும் இல்லாத ஆளுக்கு 'அசாமில் வேலை, நேரத்துக்குச் சாப்பாடு' என்று ஒருவன் வந்து சொன்னால் போகாமல் என்ன செய்வான்? விமானங்களை மலைமேல் ஏற்றியதும் பேச்சிப்பாறைக்காரரின் பாட்டாவை ரயில் ஏற்றியதும் ஒரே காரணம், பர்மா விழுந்தது.

சும்மா வந்தேன்:
அந்த பிளேன்ல எல்லாம் சீனாவுக்குத் தங்கம் கொண்டு போனாங்கன்னு யூடியூப்ல பார்த்தேன். செல்லத்தை உரசிப் பாருங்க பாஸ் 😀

அருமனை ஃபிட்டர்:
உரசினா அலுமினியம்தான் வரும். பெரும்பாலும் பீப்பாய் பீப்பாயா பெட்ரோல். தங்கத்தை விட அதுக்குத்தான் அங்க மதிப்பு.

நாகர்கோவில் பையன்:
இது இப்ப நியூஸ்ல வந்த பிளேன்தானே? பனியில ஆளுங்க உடம்பு கிடைச்சதே? அதுல கேரளாக்காரர் ஒருத்தர் கூட இருந்தாரு.

தக்கலை வாத்தியார்:
அது வேறு தம்பி. 1968 பிப்ரவரி 7-இல் சண்டிகரில் இருந்து லேவுக்குப் புறப்பட்ட நம் விமானப்படையின் ஏஎன்-12, உள்ளே 102 பேர். ரோத்தாங் பக்கம் பனிக்குள் போனது. 2003-இல்தான் முதல் தடயம் கிடைத்தது. 2024 செப்டம்பரில் நான்கு உடல்கள் எடுத்தார்கள், அதில் ஒருவர் பத்தனம்திட்டைக்காரர். சண்டைக் காலமும் அல்ல, அசாமும் அல்ல. ஆனால் 56 வருஷம் காத்திருந்த வீடு என்றால் அது ஒரு வீடுதான்.

கிரெஃப் மாமா:
மக்கா, நான் கிரெஃப்ல இருந்து ரிட்டயர் ஆனவன். ரோடு போடுற வேலை. அருணாச்சல்ல வாலாங் பக்கம் நாலு வருசம் கெடந்தேன். நம்ம மாவட்டத்து ஆளு அங்க எப்பவும் ரெண்டு பேரு இருப்பான், கேட்டியளா.

அங்கத்த மலைசாதி மிஷ்மி, அவங்க வீடு ஒண்ணுல சோறு போட்டாங்க. மூங்கில் வீடு, நடுவுல அடுப்பு. அடுப்புக்கு மேல பரண்ல இறைச்சி உணக்கப் போட்டிருந்த தட்டைப் பார்த்தேன். புகை அடிச்சு கரிப்பிடிச்ச தகடு, ஓரத்துல வரிசையா ஓட்டை. இந்தப் பய போட்ட படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தட்டுதான் நினைவு வந்துது. கேட்டதுக்கு அந்தக் கிழவன் கையை மேல தூக்கி, அப்படியே சரிச்சு, மலைப்பக்கம் காட்டினான். 'ரெண்டு நாள் நடக்கணும்'னான். அங்க ரெண்டு நாள்னா நமக்கு நாலு நாள். நான் போகல. லீவும் இல்ல, தைரியமும் இல்ல.

அந்தக் காட்டைப் பத்தி சொல்லியே ஆகணும். கீரிப்பாறை, மாறாமலைக் காட்டுல பழகினவன் நான். அட்டையும் மழையும் எனக்குப் புதுசு இல்ல. ஆனா அங்க ஒரு சரிவுல நின்னா எதிர்ச் சரிவு கையெட்டுற தூரத்துல தெரியும். இறங்கி ஏற ஒரு நாள் முழுசாப் போயிடும். மேல பிளேன் விழுந்தா கீழ கிராமத்துக்குச் சத்தம் கேட்கும். இடம் தெரியாது.

தக்கலை வாத்தியார்:
உயரத்தை நம் கணக்கில் சொல்கிறேன். நம் எல்லையில் நிற்கும் மகேந்திரகிரி 1,654 மீட்டர், ஏறக்குறைய 5,400 அடி. அதைப் போல மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஹம்ப் பாதையில் விமானம் தாண்ட வேண்டிய முகடு. அசாம் ஏர்ஃபீல்டோ கடல்மட்டத்துக்குச் சில நூறு அடி மேலே. முழுப் பாரத்தோடு அங்கிருந்து ஏற வேண்டும். மழைக்காலத்தில் மேகத்துக்குள், ராத்திரியில் கண்ணை மூடிக்கொண்டு.

1942-இல் தொடங்கி 1945 நவம்பர் வரை ஏறக்குறைய ஆறரை லட்சம் டன் சரக்கு கொண்டுபோனார்கள். அமெரிக்கத் தரப்பில் பொதுவாகச் சொல்லும் கணக்குப்படி 594 விமானங்கள் போயின, இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 1,659 பேர். வெயில் நாளில் கீழே மின்னுகிற உடைசலைப் பார்த்தே வழி கண்டுபிடிக்கலாம் என்று விமானிகள் சொல்வார்களாம். அந்தப் பாதைக்கு 'அலுமினியப் பாதை' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

அருமனை ஃபிட்டர்:
ஏன் அவ்வளவு விழுந்துதுன்னா, சண்டையில சுட்டு விழுந்தது கொஞ்சம். மிச்சம் வானிலையும் மெஷினும்.

முதல்ல டகோட்டாதான் ஓடிச்சு, சி-47. நம்பிக்கையான வண்டி, ஆனா அந்த உயரத்துக்குப் பாரத்தோட மூச்சு முட்டும். அதனால 1943-ல சி-46 கமாண்டோவை இறக்கினாங்க. டகோட்டாவைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு பாரம், ரெண்டாயிரம் குதிரைசக்தி எஞ்சின் ரெண்டு. பார்க்க ராட்சசன். ஆனா முழுசா சோதிச்சு முடிக்காம அவசரத்துல அனுப்பினது. கார்புரேட்டர்ல பனி கட்டும், எஞ்சின் நிக்கும். இன்னொரு வியாதி, எரிபொருள் குழாய் ஒழுகி இறக்கையோட அடியில தேங்கும். அது வெளிய போகத் துவாரம் இல்ல. ஒரு தீப்பொறி போதும், நடுவானத்துல வெடிக்கும். பிறகுதான் காத்தோட்டத்துக்கு ஓட்டை வச்சாங்க. 'பறக்கும் சவப்பெட்டி'ன்னு அதுக்குப் பேரு வந்தது சும்மா இல்ல. ஓட்டினவங்களும் இருபது, இருபத்திரண்டு வயசுப் பயலுவ.

ஒழுகலுக்குத் துவாரம் வைக்காம விட்ட டிசைன்காரன் மேல எனக்கு இன்னைக்கும் கோவம்தான். ஃபிட்டர் வேலை பார்த்தவனுக்கு அது மன்னிக்க முடியாத தப்பு.

மணவாளக்குறிச்சி:
விழுந்தவங்க யாரும் தப்பிக்கலையா?

தக்கலை வாத்தியார்:
தப்பியவர்கள் உண்டு. 1943 ஆகஸ்ட் 2. சபுவாவில் இருந்தே புறப்பட்ட ஒரு சி-46, உள்ளே 21 பேர். எரிக் செவரைட் என்ற அமெரிக்க வானொலி நிருபரும் இருந்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இடது எஞ்சின் நின்றது. பெட்டி படுக்கையை எல்லாம் வெளியே தள்ளிப் பார்த்தும் உயரம் இறங்கிக்கொண்டே வந்தது. பாரசூட்டில் குதித்தார்கள். துணை விமானி மட்டும் இறந்தார், மற்ற 20 பேரும் உயிரோடு நாகா மலையில் இறங்கினார்கள். இறங்கிய இடம் பாங்ஷா என்ற ஊரின் பக்கம். தலைவெட்டிச் சண்டைக்கு அந்த வட்டாரத்திலேயே பேர்போன ஊர். ஆனால் வந்தவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தார்கள்.

காயம்பட்டவர்களைப் பார்க்க ஃபிளிக்கிஞ்சர் என்ற ராணுவ மருத்துவர் இரண்டு உதவியாளர்களோடு தானும் பாரசூட்டில் குதித்தார். போனால் திரும்ப வழி கிடையாது, தெரிந்தே குதித்தார். மொகோக்சுங்கில் இருந்த பிலிப் ஆடம்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நாகா சுமைகாரர்களோடு மலை ஏறி இறங்கி நடந்தே வந்து கூட்டிப்போனார். ஓர் எஞ்சின் நின்றதற்கு இத்தனை பேரின் கால் நடக்க வேண்டியிருந்தது. 'தலைவெட்டிகள்' என்ற சொல்லை அந்தக் காலத்துப் பத்திரிகைகள் ரசித்து ரசித்து எழுதின. சோறு போட்டது அவர்கள்தான் என்பதைக் கொஞ்சம் சின்ன எழுத்தில்.

வடசேரி அக்கா:
இத்தனை வருஷம் கழிச்சு யாராவது அங்க போய்த் தேடுறாங்களா சார்?

தக்கலை வாத்தியார்:
தேடுகிறார்கள் அம்மா. அமெரிக்க ராணுவத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 2016 ஏப்ரலில் அருணாச்சலில் எடுத்த எச்சங்களை டில்லியில் மரியாதையோடு ஊருக்கு அனுப்பினார்கள்.

தனி ஆளாகத் தேடுபவர் கிளேட்டன் கூல்ஸ், அரிசோனாக்காரர். வருஷக்கணக்கில் அருணாச்சல் காட்டில் நடந்து இருபதுக்கு மேற்பட்ட உடைசல்களைக் கண்டுபிடித்தவர். அவரிடம் ஒரு மகன் கேட்டுக்கொண்டார். அந்த மகனுக்கு 13 மாதம் ஆகும்போது அப்பா காணாமல் போனார். 1945 ஜனவரி முதல் வாரம், பெரும் புயல், குன்மிங்கில் இருந்து திரும்பிய சி-46, 13 பேர். கூல்ஸ் லிசு இனத்து வழிகாட்டிகளோடு மார்பளவு ஆற்று நீரைக் கடந்து, பனியில் கூடாரம் அடித்து, 2021 டிசம்பரில் பனிமலை உச்சியில் அதைக் கண்டுபிடித்தார். உள்ளே எலும்பு எதுவும் இல்லை. வாலில் இருந்த எண்ணை வைத்துத்தான் இன்ன விமானம் என்று உறுதி செய்தார்கள்.

அதற்கு முன் 2018 செப்டம்பரில் ஒருமுறை முயன்றபோது பனிப்புயலில் மூன்று வழிகாட்டிகள் குளிரில் இறந்துபோனார்கள்.

வடசேரி அக்கா:
இது எனக்கு ஒத்துக்க முடியல. எலும்பு கூட இல்லாத ஒரு தகரத்துக்காக உயிரோட இருந்த மூணு பேரு போயிட்டாங்க. அவங்களுக்கும் பிள்ளைங்க இருந்திருக்கும்ல? அமெரிக்கப் பேரு 13 எல்லாத்துக்கும் பட்டியல் இருக்கும். இந்த மூணு பேருக்க பேரை எந்தப் பேப்பர்லயாவது போட்டானா?

நான் நர்ஸ். செத்தவங்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை தெரியாம பேசல.

நாகர்கோவில் பையன்:
அக்கா சொல்றது சரி. 76 வருஷம் கழிச்சு கண்டுபிடிச்சு என்ன ஆகப்போகுது?

கிரெஃப் மாமா:
மலையில ரோடு போடும்ப நம்ம பயலுவளும் எத்தனையோ பேரு போனான். கல்வெட்டுல பேரு இருக்கும், வாசிக்க ஆளு இருக்காது. அக்காவுக்க கோவம் நியாயம்தான்.

தூத்தூர் போட்டு:
நான் இங்க படிக்கிறதோட சரி, எழுதினது இல்ல. தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

தம்பி கேட்டான், கண்டுபிடிச்சு என்ன ஆகப்போகுதுன்னு. 2017 நவம்பர் 29 ராத்திரி எங்க சித்தப்பா தங்கல்ல, அதாவது நாள்கணக்குல கடல்லயே தங்கி மீன் பிடிக்கிற வேலையில இருந்தாரு. மறுநாள் ஒக்கி புயல். போட்டும் வரல, ஆளும் வரல. ஒரு பலகை கிடைக்கல. குழித்துறையில நாங்க தண்டவாளத்துல உட்கார்ந்தது உங்க எல்லாருக்கும் தெரியும், ரயில் லேட்டுன்னு நிறைய பேரு திட்டினீங்க. 'தேடுங்க'ன்னு கேட்கத்தான் உட்கார்ந்தோம். தேடப் போனதும் எங்க போட்டுதான். நானும் போனேன். எட்டு நாள். கடல்ல எங்கன்னு தேட?

ஒரு ஆபீசுல எங்க சித்தி கிட்ட 'பாடி இல்லாம எப்படிம்மா'ன்னு கேட்டாங்க. சித்தி ஒண்ணும் சொல்லல. வெளிய வந்து, 'அவரு வந்தா செருப்பு வேணும்ல'ன்னு கடையில ஒரு ஜோடி வாங்கிச்சு.

பணம் பிறகு வந்துது. சித்தி இன்னைக்கும் கதவுக்கு உள்தாழ் போடாது. நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாளுக்கு ஊர் முழுக்க கல்லறையில மெழுகுதிரி எரியும். சித்தியும் எங்க தெருவுல இன்னும் நாலு வீட்டு ஆளுங்களும் கடக்கரையில மண்ணைக் குவிச்சு கொளுத்தி வைப்பாங்க. காத்து அணைச்சுப் போடும். திரும்ப வைப்பாங்க.

அதனால எலும்பு இல்லன்னாலும், 'இங்கதான்'னு ஒரு மலையைக் கை காட்டினா போதும். அந்த மகனுக்கு அது போதும்னுதான் நினைக்கிறேன். அக்கா சொன்ன மூணு பேரும் என் மனசுல கெடக்கிறாங்க. அவங்க வீட்டுக்காவது உடம்பு போய்ச் சேர்ந்திருக்கும்னு நினைச்சுக்கிறேன்.

வடசேரி அக்கா:
தம்பி, நான் அந்த ரயில்ல இருந்தவ. திட்டவும் செஞ்சேன்.

தூத்தூர் போட்டு:
பரவாயில்லக்கா. அதுல யாரும் திட்டாம இருக்கல.

சும்மா வந்தேன்:
முதல்ல போட்ட தங்க ஜோக்கை எடுத்துடுறேன்.

மட்டுறுத்துநர்:
இருக்கட்டும். யாரும் எடுக்க வேண்டாம்.

தக்கலை வாத்தியார்:
ஒரு சின்னத் தகவல். அருணாச்சலில் உள்ள பாசிகாட்டில் இந்த ஹம்ப் விமானங்களுக்கு ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். காட்டில் இருந்து கொண்டுவந்த உடைசல்களும் உண்டு. திறந்த நாள் 2023 நவம்பர் 29. தூத்தூர்த் தம்பி எழுதிய தேதியைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது.

பேச்சிப்பாறைக்காரன்:
அண்ணே, அத்தை கிட்ட கேட்டுட்டேன். பாட்டா மலைக்கு ஏறினதில்லையாம். ஏர்ஃபீல்டுல மண்ணும் கல்லும்தான். ஒரு ராத்திரி ஓடுபாதைக்கு அந்தப்பக்கம் ஒரு பிளேன் விழுந்து எரிஞ்சுதாம், காலையில இவங்களைத்தான் அள்ளச் சொன்னாங்களாம். தகட்டை மட்டும் அள்ளினோம்னு பாட்டா சொல்லுவாராம். வேற என்ன அள்ளினாருன்னு கேட்டா வெற்றிலையை வாயில போட்டுக்குவாராம், பிறகு பேச்சு கெடையாது. மாசக்கணக்குல அதுல ஒரு துண்டை ஒளிச்சு வச்சு, கூட இருந்த ஒரு கொல்லரு கிட்ட அரை நாள் கூலி கொடுத்து மடக்கினாராம்.

பெயிண்ட் விஷயத்தைச் சொன்னேன். 'எழுபத்தஞ்சு வயசு வரைக்கும் அவரு அதுல வச்சுத்தான் தின்னாரு, ஒண்ணும் ஆகல'ன்னு அத்தை செல்லத்தை வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டு. ஞாயித்துக்கிழமை திரும்ப வாங்கி நல்ல படமா போடுறேன்.

அருமனை ஃபிட்டர்:
அப்ப பாட்டா சொன்னது முழுக்க நிஜம். மலைன்னு சொன்னது மட்டும் பிள்ளைங்களுக்காக இருக்கும்.

தூத்தூர் போட்டு:
ஃபிட்டர் அண்ணே, ஒரு சந்தேகம். 76 வருசம் பனியில கெடந்த பிளேனுக்க வால்ல நம்பர் எப்படி வாசிக்க முடிஞ்சுது?

அருமனை ஃபிட்டர்:
அலுமினியம் இரும்பு மாதிரி உதிராது. பனிக்குள்ள வெயிலும் படல, பெயிண்ட் நின்னிருக்கும். அது போனாலும் முக்கிய பாகங்கள்ல தகடு அறைஞ்சிருப்பாங்க, அதுல நம்பரை அச்சு வெட்டி அடிச்சிருக்கும். தடவிப் பார்த்தே வாசிக்கலாம். ஏன் கேட்கிற?

தூத்தூர் போட்டு:
எங்க போட்டுக்கும் நம்பர் உண்டு. வருசா வருசம் பெயிண்ட்ல தான் எழுதுறோம். அடுத்த மாசம் போட்டைக் கரை ஏத்துறோம். நீங்க சொன்ன மாதிரி அலுமினியத் தகட்டுல வெட்டி அடிக்கணும். முன்னால ஒண்ணு, எஞ்சின் ரூமுல ஒண்ணு, ஐஸ் பெட்டியில ஒண்ணு. எவ்வளவு கனத் தகடு வாங்க?

அருமனை ஃபிட்டர்:
மூணு மில்லிமீட்டர். மார்த்தாண்டத்துல கிடைக்கும். எழுத்து அச்சு என் கிட்ட இருக்கு, வாங்க வேண்டாம். தகட்டோட வீட்டுக்கு வா, நானே அடிச்சுத் தாரேன்.